எலுமிச்சை முள்

பிரபல பாடகியின் வாழ்க்கைப் படம் என்று மகள் தொலைக்காட்சியைப் போட்டாள். முதல் பாட்டே என்னைச் சிறுவயதுக்கு இழுத்துப் போனது.

மலாயாவில் ஜப்பான்காரன் காலம். சயாம் ரயில் வேலைக்கு ஆள் பிடிக்கும் சிப்பாய் எங்கள் தோட்டத்து லயத்து வீட்டுக்குள் நுழைந்தபோது, அப்பா விறகுக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். அவருக்கு ஓயாத இருமல்.

"பாட்டுப் பொட்டிய சுத்துடி!" என்றாள் அம்மா.

ஊசி கிடைக்காததால் கிராமபோனில் எலுமிச்சை முள் செருகியிருந்தோம். இதே குரல் பாடியது. சிப்பாய் உட்கார்ந்துவிட்டான்.

"லாகி," என்றான். இன்னொரு முறை வேண்டுமாம்.

ஒவ்வொரு முறையும் தேய்ந்த முள்ளை மாற்ற வேண்டும். அந்த மௌனத்தில் அம்மா வேண்டுமென்றே உரக்க இருமினாள். ஐந்தாவது முறை கேட்டுவிட்டுத்தான் அவன் போனான்.

"பாட்டு நல்லா இருக்குல்லம்மா?" என்றாள் மகள்.

எனக்கெப்படித் தெரியும்? ஐந்து முறையும் நான் அப்பாவின் இருமலுக்குத்தான் காது கொடுத்திருந்தேன்.