ஊருணிக் கரையில் ஒரு சுண்ணாம்புக் கோடு

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. அரிமளம் பக்கம் காலரா வந்தது. நோய் கண்ட வீட்டார் வேலைக்குப் போகக்கூடாது என்று சமஸ்தானம் தமுக்கு அடித்தது.
2. அப்படிப் போகாதவர்களை வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்று அடுத்த உத்தரவு வந்தது.
3. ரைஸ் மில் மேனேஜர் ஊருணிக் கரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார்.
4. நோய் கண்ட வீட்டார் வாசலைத் தாண்டவே கூடாது என்று மூன்றாவது உத்தரவு வந்தது.
5. கோடு அப்படியே இருந்தது.

அந்தக் கோட்டை இப்போதும் என்னால் வரைந்து காட்ட முடியும். மில் வாசலுக்கு எதிரே, வேப்பமரத்தடியில் தொடங்கி, குடிதண்ணீர் ஊருணியின் படித்துறை வரை போகும். மழையில் கரைந்தால் வாட்ச்மேன் வாளியும் தென்னை மட்டையுமாக வந்து திரும்பப் பூசுவார். நான் அப்போது மதுரையில் நர்ஸ் பயிற்சி முடித்திருந்த புதிது. ஆண்களிடம் கையை நீட்டி ஊசி போட்டுக்கொள்ள நெல் அவிக்கும் பெண்கள் மறுத்ததால் என்னை அனுப்பியிருந்தார்கள். கிடங்குத் தாழ்வாரத்தில் ஸ்பிரிட் அடுப்பு, ஊசி, மருந்து, பஞ்சு என்று வரிசையாக வைத்துக்கொண்டு நான் உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால் கோடு நேராகத் தெரியும்.

அது ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும். அந்த மில்லில் ஒரு வழக்கம். காலையில் சங்கு ஊதும்போது வாசலில் நிற்பவளுக்குத்தான் வேலை. நிற்காதவள் தானாக விட்டுப்போனவள். இரண்டாவது உத்தரவு வந்ததும் மேனேஜருக்குச் சங்கடமாகிவிட்டது. சர்க்காரையும் மீறக்கூடாது, மில் வழக்கத்தையும் விடக்கூடாது. யோசித்துக் கோட்டைக் கண்டுபிடித்தார். நோய் கண்ட வீட்டுப் பெண்கள் மில்லுக்குள் வர வேண்டாம். சங்கு ஊதும்போது கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று முகத்தைக் காட்டிவிட்டுப் போனால் போதும். இதைப் பெரிய சாமர்த்தியம் என்று அவர் மனமார நம்பினார். தமுக்குச் சத்தம் கேட்டால் ஆள் அனுப்பி விவரம் கேட்டு வரச் சொல்வார். "உத்தரவு தினம் மாறுதும்மா. கூடவே ஓடுறதுக்கு ஒரு தலை வேணும்ல?" என்று குடைக்காம்பால் தன் நெற்றியைத் தட்டிக் காட்டுவார். தட்டினால் என்ன சத்தம் வரும் என்று எனக்கு அப்போதே தெரியும்.

கோட்டில் நின்றவர்களில் ஓர் அக்கா. கொப்பரையில் நெல் அவிப்பவர். அவர் புருஷனுக்கு வாந்திபேதி. தேறினாலும் அறுப்புக்குப் போகப் பல நாள் ஆகும். அதுவரை இந்த மில் வேலைதான் வீட்டுக் கஞ்சி. நோயாளியைத் துடைத்த அதே சேலையோடு தெருவெல்லாம் நடந்து வருவார். சங்கு ஊதியதும் படித்துறையில் இறங்கிக் கைகால் கழுவி, ஒரு வாய் தண்ணீரும் குடித்துவிட்டுப் போவார். எல்லாரும் அப்படித்தான்.

மூன்றாவது உத்தரவு வந்த அன்று, இனி வீட்டை விட்டு வரக்கூடாது என்று அவரிடம் சொன்னேன்.

"வரலன்னா பேரை எடுத்துருவாக. வந்தா ஊருக்கு வெளிய காலராக் கொட்டகையில கொண்டுபோய்ப் போட்டுருவாக. எந்த உத்தரவுக்கு நான் நிக்கிறது, எந்த உத்தரவுக்குப் படுக்கிறது? நீங்களே சொல்லுங்க நர்ஸம்மா."

மேனேஜரிடம் போனேன்.

"கோட்டை அழிச்சிடுங்க. அவங்க வந்து நிக்கிறது குடிதண்ணிக் கரை."

"மரத்து நிழல் அங்கிட்டுத்தானேம்மா இருக்கு? வெயில்ல நிறுத்துனா நல்லாவா இருக்கும்?"

"மூணாவது உத்தரவு?"

"அது சீக்கு வந்த வீட்டுக்காரங்களுக்கு. மில்லுக்கு என்ன சொல்லியிருக்கு? ஊசி போட வந்தீங்க, போடுங்க."

சுகாதார இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அது வேலை சம்பந்தப்பட்டது, நம் இலாகா இல்லை என்றார். அவரைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

பிறகு மேனேஜர் வீட்டிலேயே நோய் வந்தது. அவர் மனைவிக்கு. எங்கிருந்து வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. அவர் வீட்டுக் குடம் எந்த ஊருணியில் நிறைந்தது என்பது மட்டும் தெரியும். அந்த அம்மாளுக்கு உப்பு நீர் ஏற்றியது நான்தான், பிழைத்துக்கொண்டார். மேனேஜர் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருந்தார். உத்தரவுப்படி அது சரிதான்.

மறுநாள் சங்கு ஊதியது. மேனேஜருக்குப் பதிலாகக் கணக்குப்பிள்ளை வாசலில் நின்று பேர் குறித்தார். கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல் வந்தது.

"என்ன கணக்குப்பிள்ளை அய்யா, மேனேஜர் அய்யாவைக் கோட்டுல காணோமே? வேலைய விட்டுட்டாகளா?"

"சும்மா இரு புள்ள!"

"இல்ல, அந்த எடம் காலின்னா நான் குடை வாங்கணும்ல, அதான் கேட்டேன்."

வாசலில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாக்குத் தூக்குகிற ஆட்கள் சாக்கை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். கணக்குப்பிள்ளைகூட வாயைத் துண்டால் மூடிக்கொண்டார்.

மேனேஜர் திரும்பி வந்ததும் முதல் வேலையாகக் கோட்டைக் கழுவச் சொன்னார். "உத்தரவு மாறிப்போச்சு" என்றார். புதிய உத்தரவு எதுவும் வரவில்லை. கோட்டில் நின்ற எல்லாரையும் உள்ளே எடுத்துக்கொண்டார், அந்த அக்காவைத் தவிர. புருஷனுக்கு நோய் இருந்தபோது அவர் வீட்டை விட்டு வெளியே வந்தாராம். அது மூன்றாவது உத்தரவுக்கு விரோதமாம். எங்கே வந்தார் என்று கேட்டேன்.

"ஊருணிக் கரையில நின்னதை நானே கண்ணால பாத்தேன்" என்றார். முகத்தில் ஒரு சின்னச் சுளிப்புக்கூட இல்லை.

முதலாளி ஊரில் இல்லை. சமஸ்தான அலுவலகத்துக்குப் புகார் எழுதிப் போட்டேன்; இன்ஸ்பெக்டர் சொன்ன அதே வாக்கியம் பதிலாக வந்தது.

இப்போது சமஸ்தானம் போய்விட்டது. தொழிலாளர்களுக்குப் புதிய சட்டங்கள் வருவதாகச் சொல்கிறார்கள். போன மாதம் அம்மைப்பால் குத்த அந்தப் பக்கம் போயிருந்தேன். கோடு இருந்த இடத்தில் புல் முளைத்திருக்கிறது. சங்கு அதே நேரத்தில் ஊதுகிறது. மேனேஜர் அவர்தான், சட்டம் தெரிந்தவர் என்று மற்ற மில்காரர்கள் அவரிடம் யோசனை கேட்டுப் போகிறார்கள். அந்த அக்கா திருமயத்தில் வேறொரு மில்லில் நெல் அவிக்கிறார். விடிவதற்குள் புறப்பட்டு நடந்து போகிறார். அங்கேயும் சங்கு ஊதும்போது வாசலில் நிற்க வேண்டும்.