கீறல் விழாத ஆறு

கண்ணாடிக்காரர் மூன்றாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டவர். அதை மறைக்கமாட்டார், வாங்கிய பட்டம்போலச் சொல்லிக்கொள்வார். தள்ளுவண்டியில் கண்ணாடி சுமந்து தொடங்கினார். இன்று கடைத்தெருவின் பாதி ஜன்னல்கள் அவர் கைபட்டவை. கீறல் விழுந்த கண்ணாடி ஒன்றுகூட அவர் கடைப்படி இறங்கியதில்லை. வளையல் கையோடு கண்ணாடி துடைத்ததற்காக மனைவியிடம் ஒரு வாரம் பேசாதிருந்த மகான் அவர்.

அருங்காட்சியகத்துத் தலைவியம்மா ஒருநாள் கடைக்கு வந்தார். வாசல் கூடத்துக்கு ஒளிரும் கண்ணாடிச் சிற்பம் வேண்டுமாம்.

"ஆறு மாதிரி இருக்கணுங்க. வெளிச்சம் அதுக்குள்ள ஓடணும். முதல்ல சின்னதா ஒண்ணு செஞ்சு காட்டுறீங்களா?"

"அதெல்லாம் தொழில் கத்துக்கிறவனுக்கும்மா. நான் நேரா ஆத்தையே கொண்டாந்து விடுறேன்."

ஏழு கண்ணாடிப் பலகைகளை அலை அலையாக வெட்டினார். ஓரங்களைப் பளபளவென்று தேய்த்தார். சம்பந்தி வீடுவரை சொல்லியனுப்பிவிட்டார். திறப்புவிழா அன்று காலை பலகைகளை வரிசையாக நிறுத்தினார்கள். அடியில் விளக்குப் பட்டையைப் பொருத்திய எலக்ட்ரீஷியன் சுவிட்சைப் போட்டார்.

கூரை ஜெகஜோதியாக எரிந்தது. ஆறு மட்டும் இருட்டாக நின்றது.

"கூரையவா செய்யச் சொன்னாங்க?" என்றார் கூட வந்திருந்த மனைவி.

தலைவியம்மா சிரிக்கவில்லை. "அஞ்சு மணிக்கு ஆளுங்க வந்துடுவாங்க. நாலுக்குள்ள சரியாகலன்னா எடுத்துடுங்க. பூந்தொட்டி வச்சுக்கறேன்."

சம்பந்தி வந்து பூந்தொட்டியைப் பார்க்கும் காட்சி கண்ணாடிக்காரர் கண்முன் ஓடியது. அப்போது கடைசிப் பலகையின் அடியில் நட்சத்திரம்போல் ஏதோ மின்னியது.

"திட்டாதீங்கண்ணே," என்றார் எலக்ட்ரீஷியன். "மாட்டும்போது ஸ்க்ரூடிரைவர் பட்டுடுச்சு. அந்தக் கீறல்தான் எரியுது. மத்த இடத்துல வெளிச்சம் நிக்கறதுக்கு நீங்க ஒரு கீறல்கூட விடலியே, நேரா கூரைக்குப் போயிடுது."

முப்பத்தைந்து வருடத் தொழிலின் மொத்தப் பெருமையும் ஆற்றை அணைத்துவிட்டிருந்தது. கண்ணாடிக்காரர் உப்புத்தாளை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கை கண்ணாடிவரை போனது, அதற்குமேல் நகரவில்லை.

"இங்க குடுங்க," என்று தாளைப் பிடுங்கினார் மனைவி. "எனக்குத்தான் பழக்கமாச்சே."

சர்ரென்று ஒரு கோடு இழுத்தார். கோடு எரிந்தது. கண்ணாடிக்காரருக்குப் பல் கூசியது. இரண்டாவது கோட்டை அவரே இழுத்தார். பிறகு மூன்று பேருமாக, சோற்றைக்கூட மறந்து, அலை அலையாகக் கீறித் தள்ளினார்கள். நான்கு மணிக்கு ஆறு ஓடியது.

தலைவியம்மா நின்று பார்த்தார். "ரொம்ப யோசிச்சு வச்சிருந்தீங்களோ?"

ஆமாம் என்று சொல்ல அவர் வாய் திறந்ததுதான் தாமதம், மனைவி தொண்டையைக் கனைத்தார்.

"இல்லம்மா. காலைல வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றார் கண்ணாடிக்காரர்.

"பரவால்ல, நல்லா இருக்கு. இந்த மூலையில மட்டும் கொஞ்சம் கம்மியா இருக்கே?"

சம்பந்தி உள்ளே நுழைந்தபோது, சலவைச் சட்டையோடு தரையில் மண்டியிட்டு, சொந்தக் கண்ணாடியைப் பாழாக்கிக்கொண்டிருந்தார் நம்மவர்.

"என்ன சம்பந்தி, கீறல் விழுந்துடுச்சா?"

"விழல சம்பந்தி," என்றார், தலை நிமிராமல். "இன்னும் பத்தல."