வானம்பாடிப் புல்வெளியில் ஒரு வெருளி

சிசிலியின் மொண்டெல்லோக் கடற்கரைக்கு மேலே, மலைச்சரிவில் ஒரு புல்வெளி இருந்தது. தொண்ணூறுகளில் அந்தப் புல்லுக்குள் நான் மல்லாந்து கிடந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால், கனவில் கண்டவை போலத்தான் இருக்கிறது. கடல் கீழே இருந்ததா மேலே இருந்ததா என்றுகூடச் சந்தேகம் வரும்.

அம்மாவின் தம்பியான மாமா அங்கே காவலாளி. மொட்டையாகிப்போன நிலத்தில் பழைய புல்லை விதைத்து, முன்பு அங்கே கூடு கட்டிய வானம்பாடிகளைத் திரும்ப வரவழைப்பது திட்டம். அம்மா வேலை செய்த வீட்டின் எஜமானி லிபெர்த்தா சிஞ்ஞோராதான் அதற்குப் பொறுப்பு. புல் வந்துவிட்டது, குருவி வரவில்லை. வராவிட்டால் வேலை நின்றுவிடும். வேலை நின்றால் பெர்மெஸோ என்ற வதிவிட அனுமதி கிடைக்காது. அது இல்லாமல் யாழ்ப்பாணத்தில் காத்திருந்த மாமியைக் கூப்பிட முடியாது. மாமா வானத்தைப் பார்த்தபடியே இருந்தார்.

அந்த வசந்தத்தில் வந்தவர்களெல்லாம் புல்வெளியைப் பார்த்து "கே பெல்லோ, கே பெல்லோ", என்ன அழகு என்ன அழகு என்று வாய் ஓயாமல் புகழ்ந்தார்கள். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த ஞாயிறு நாங்கள் போனபோது, மாமாவின் நீலச் சட்டையும் சட்டித் தலையும் கரிமீசையுமாக நடுவெளியில் ஒரு வெருளி நின்றது. ஊரில் புதுவீட்டுக்கு முன்னால் நிற்குமே, அதே ஆள். குருவியை வா வா என்று கூப்பிட்ட இடத்தில் விரட்டவும் ஆள் வைத்த புண்ணியவான் என் மாமாதான்.

சிஞ்ஞோரா பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"நாவூறு படாமல் வைச்சனான் எண்டு சொல்லு மோனை," என்றார் மாமா.

எல்லாரும் புகழ்ந்தால் புல் பட்டுப்போகும் என்று மாமா பயப்படுகிறார் என, எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னேன். சிஞ்ஞோரா சிரிக்கவில்லை. கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சின்னச் சிவப்புக் கொம்பைக் கழற்றி வேலிக் கம்பியில் கட்டினார். சிசிலிக்காரருக்கும் கண்ணூறுப் பயம் உண்டென்று அன்றுதான் தெரிந்தது. மாமா வெருளியைப் பிடுங்கி, சட்டையை உதறித் தானே போட்டுக்கொண்டார்.

பிறகொரு காலை, புல்லுக்குள்ளிருந்து ஒரு சிறு பறவை எழும்பிப் பாடிக்கொண்டே மேலே மேலே போனது. பறவை வெயிலில் மறைந்த பிறகும் பாட்டு கேட்டது. கீழே இன்னொன்று புல்லோரம் தத்தித் திரிந்தது. எனக்குத் துள்ள வேண்டும்போல் சந்தோஷம். திரும்பினால், மாமா விம்மிக்கொண்டிருந்தார்.

"குருவி வந்திட்டுதெல்லோ மாமா, ஏன் அழுறியள்?"

"ஓம் மோனை. சோடியா வந்திருக்கு."

ஒரு சோடிக் குருவிக்கு இவ்வளவு பெரிய ஆள் அழுவாரா என்று நினைத்துக்கொண்டு, நான் பழையபடி புல்லுக்குள் மல்லாந்து படுத்தேன்.