மாமனார் தட்டில் முதல் கவளம்

ஆவடியில் பட்டாளத்து லாரிகள் ஓட ஆரம்பித்த வருஷம், என் மாமனாருக்குச் சாப்பிட்டால் வயிறு வலிக்க ஆரம்பித்தது. சேக்காட்டில் எங்கள் வீடு. அவருக்கு நீரிழிவு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. சுருட்டை மட்டும் விடவில்லை. கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். வரப்பில் உட்கார்ந்து, வலி விட்டதும் எழுந்து நடப்பார். அது எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. வயிற்று வலிதான் புதிது. சாப்பிட்டுக் கை கழுவி, ஒரு சுருட்டு பிடித்து முடிப்பதற்குள் தொப்புளைச் சுற்றிப் பிடிக்கும். முழங்காலைக் கட்டிக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிடுவார். பட்டினி கிடந்தால் ஒன்றும் இல்லை.

"காலு நடந்தா வலிக்குது, வயிறு துன்னா வலிக்குது. வேலை சொன்னா ரெண்டுக்கும் கோவம் வருது" என்று அவரே சிரிப்பார். பிறகு சிரிப்பு நின்றது. சாப்பாடும் குறைந்தது.

எனக்கு மாமியார் இல்லை. சமையல் முழுக்க என் கையில். பூந்தமல்லி டாக்டர் கொடுத்த மருந்துத் தண்ணீர் தீர்ந்துபோனது, வலி தீரவில்லை. புளியைக் குறைத்தேன். மிளகாயை நிறுத்தினேன். சோற்றைக் குழைய வடித்தேன், கூழ் கரைத்தேன். எதைக் கொடுத்தாலும் வலித்தது. கொஞ்சமாகக் கொடுத்தால் கொஞ்சமாக வலித்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

எங்களோடு இருந்த நாத்தனார், என் கணவரின் அக்கா, ஒருநாள் தன் அப்பாவிடம் சொன்னார்: "நைனா, உனக்கு யாரோ மருந்து வெச்சிருக்காங்க."

மருந்து என்றால் சோற்றில் கலந்து கொடுக்கும் வசிய மருந்து. அது குடலில் ஒட்டிக்கொண்டு, சோறு இறங்கும்போதெல்லாம் வலிக்கும் என்று எங்கள் பக்கத்தில் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

மாட்டு வண்டி கட்டிக்கொண்டு மூன்று பேரும் நூம்பலுக்குப் போனோம். அங்கே மருந்து எடுக்கிற அம்மாள் ஒருத்தி இருந்தாள். மாமனாரைப் படுக்க வைத்து, ஊதுகுழல் போன்ற ஒரு பித்தளைக் குழாயை அவர் வயிற்றில் வைத்து உறிஞ்சி, வாழை இலையில் துப்பினாள். புளியங்கொட்டை அளவில் கறுப்பாக ஏதோ விழுந்தது. குச்சியால் கிளறினாள். உள்ளே ஒரு தலைமயிர், நீளமாக.

நாத்தனார் இலையைப் பார்த்தார். பிறகு என் பின்னலைப் பார்த்தார்.

"இம்மாம் நீளத்துக்கு நம்ம ஊட்டுல யாருக்குக் கீது முடி? தம்பிக்கு வெச்சது, தட்டு மாறி நைனாவுக்குப் பூட்ச்சி!"

நான் பின்னலை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். மாமனார் கண்ணை மூடியபடி படுத்திருந்தார்.

சாயங்காலம் கணவரிடம் நாத்தனார் எல்லாம் சொன்னார். அவர் என்னைப் பார்த்து, "எனக்கா வெச்சே? வெக்காமலேதான் உன் பேச்சைக் கேட்டுகினு கீறேன்" என்றார். கேலியா, சந்தேகமா என்று முகத்தில் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. மாமனார் தட்டிலிருந்து முதல் கவளத்தை நான் அவர் எதிரே சாப்பிட வேண்டும். இது நாத்தனார் ஏற்பாடு. அதுவரை மாமனார் எதிரே நான் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. தலையைக் குனிந்துகொண்டு விழுங்குவேன். எனக்கு ஒன்றும் ஆகாது; அவருக்கு வலி வரும். "மருந்துதான் வெளியே வந்துடுச்சே, இன்னும் ஏன் வலிக்குது?" என்று யாரும் கேட்கவில்லை. "மிச்சம் கீது" என்றார் நாத்தனார்.

போகப்போக எனக்கே குழப்பம். என்னை அறியாமல் ஏதாவது செய்துவிட்டேனா? அம்மா கொடுத்தனுப்பிய பெருங்காய டப்பாவை, அதில் ஏதாவது இருக்குமோ என்று, ஒரு மத்தியானம் கொல்லையில் கொண்டுபோய்ப் புதைத்தேன். சில நாள் அந்த ஒரு கவளத்துக்கு எனக்கும் வயிறு வலித்தது. வலித்ததில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. ஏன் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

ஐப்பசி மழையில் மாமனார் எலும்பும் தோலுமாக இருந்தார். ஒருநாள் கீரை கடைந்து சோறு பிசைந்து வைத்தேன். முதல் கவளத்துக்குக் கை நீட்டினேன். அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நீ துன்ன வேணாம்மா."

"நைனா, இன்னா இது?" என்று நாத்தனார் பதறினார்.

"சும்மா கெட நீ. ஆறிப்போவுது."

முழுத் தட்டையும் சாப்பிட்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு. பிறகு வலி வந்தது. வழக்கத்தைவிட அதிகமாக வந்தது. சுவரோடு சாய்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி என்னைப் பார்த்து, "கீரை நல்லா இருந்துச்சி" என்றார்.

அதன்பின் அவர் இருந்தது கொஞ்ச நாள்தான். கடைசிவரை என்னை ருசி பார்க்க விடவில்லை.

நான் வைக்கவில்லை என்று நம்பித்தான் அன்று தட்டை இழுத்தாரா? இல்லை, வைத்திருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், பசிக்கிறது என்று இழுத்தாரா? கேட்க எனக்கு வாய் வரவில்லை. அன்று தட்டில் ஒரு பருக்கைகூட மிச்சம் இல்லை. அந்தக் காலித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மழைத் தூறலில், சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் கிணற்றடியில் நின்றேன்.