பெரட்டுக்கு ஆள் குறைகிறது

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் அப்புத்தளையில் தினேஸின் போன் திருத்தும் கடைக்குப் போய் விசாரிக்கலாம். நடந்ததை அவன் சொல்லமாட்டான். நடக்கவில்லை என்றும் சொல்லமாட்டான்.

தினேஸின் மனைவி கலாராணி கல்யாணத்துக்கு முன்பு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். அவளுடைய தம்பி ரெங்கசாமி நன்றாகத் தப்படிப்பான். திருவிழாப் பாட்டொன்றுக்காக அந்தத் தப்பைப் போனில் பதிய வேண்டியிருந்தது. அவர்கள் குடியிருந்த லயத்தின் வரிசை வீடுகளில் எந்தப் பக்கம் திரும்பினாலும் டிவிச் சத்தம். அதனால் ஒரு மத்தியானம் மச்சான்கள் இருவரும் ஆட்டோவில் வெகுதூரம் போய், ஆளற்றுக் கிடந்த ஒரு தோட்டத்தின் பெரட்டுக் களத்தில் இறங்கினார்கள். விடியற்காலையில் தப்படித்து, தொழிலாளரை வரிசையில் நிறுத்தி, பேர் கூப்பிடும் இடம் அது.

"என்ன அடிக்க மச்சான்? கல்யாணமா, சாவா?"

"எடத்துக்கு ஏத்தாப்புல பெரட்டுத் தப்பே அடிடா."

"அடிச்சா வேலைக்குப் போகணும். ஒங்க தொப்பைக்கு மலையேற முடியாதே!"

டண்... டணக்கு... டண். பனிமூட்டம் களத்தை மூடியது. பதிந்ததைப் போட்டுக் கேட்டார்கள். கம்பளிக்குள் அடிப்பதுபோலத் தப்பு அமுங்கிக் கிடந்தது.

அதற்குக் காரணம் உண்டு. தினேஸ் வைத்திருந்த செயலி பேச்சைப் பதிவதற்கானது. மனிதக் குரல் கேட்டால் அதைத் தூக்கிவிட்டு, மற்றச் சத்தங்களை அமுக்கும். யாரும் பேசாவிட்டால் அமுக்காது.

அங்கே யாரும் பேசவில்லை.

தினேஸ் போனைக் காதோடு ஒட்டி வைத்தான். தப்புக்கு மேலே, தெளிவாக, ஓர் ஆணின் குரல்.

"செல்லாயி... முத்துப்பேச்சி..."

ஓட்டமாக ஆட்டோவுக்கு வந்தார்கள்.

வீட்டில், பிரமையாக இருக்கும் என்று மறுபடி போட்டான். ஸ்பீக்கரில். கலாராணி அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"செல்லாயி... முத்துப்பேச்சி..." சற்று மௌனம். "ஆள் கொறையுது..."

இது முன்பு இல்லை.

"கலாராணி!"

"இருக்கேங்கய்யா!"

அடுப்படியிலிருந்து, பழக்கதோஷத்தில், அவள்தான் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். "யாருங்க அது, பெரட்டுல எங்க பழைய கணக்கப்பிள்ளை பேர் கூப்புடுற மாதிரியே?"

தினேஸ் பதிவை முதலிலிருந்து ஓட்டினான். ஆணின் குரல். அவள் பேர். அதற்குப் பிறகு...

"இருக்கேங்கய்யா!"

அவள் குரல். போனுக்குள்ளே.

உடனே அழித்தான்.

மறுநாள் விடியுமுன் கலாராணி எழுந்தாள். கொழுந்து பறிக்கப் போவதுபோல இடுப்பில் சாக்கைக் கட்டினாள். கண் திறந்திருந்தது. பார்வை இல்லை.

"விடுங்க. பெரட்டுக்கு நேரமாச்சு."

மூன்று விடியல் அவளைக் கட்டிப்பிடித்து நிறுத்தினான். ஒவ்வொரு நாளும் அவள் பலம் கூடியது. கோயிலில் கயிறு கட்டினார்கள். டாக்டர் மாத்திரை கொடுத்தார். எதுவும் உதவவில்லை.

நான்காம் நாள், அவளை அறையில் பூட்டி, ரெங்கசாமியை வாசலில் இருத்திவிட்டு, தினேஸ் மொனராகலைக்கு பஸ் ஏறினான். அந்தத் தோட்டத்து முத்துப்பேச்சி அங்கே உயிரோடு இருப்பதாக விசாரித்து அறிந்திருந்தான்.

பதிவில் கேட்டதைச் சொன்னதும் அந்த அம்மா வாசற்படியில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நானும் செல்லாயியும் டவுனுக்குப் போயிட்டோம் தம்பி. பெரட்டுல எங்க பேரைக் கூப்புட்டிருக்காங்க. நாங்க இல்ல. இருக்கேன்னு சொன்னவங்க எல்லாம் மலைக்குப் போனாங்க. மண்ணு சரிஞ்சு மூடிருச்சு. ஒருத்தரும் மிஞ்சல."

அவர் எட்டித் தினேஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி... ஒங்க வீட்டுல யாரும் பதில் சொல்லலையே?"

அவன் ரெங்கசாமிக்குப் போன் எடுத்தான்.

"மச்சான்..." அழுகை. "பூட்டு போட்டது போட்டபடிதான் இருக்கு. உள்ள அக்காவைக் காணோம்."