சாம்பியனின் இடது கை

தென்னாப்பிரிக்க சாம்பியன் ஒருவரின் குத்துச்சண்டை வாழ்க்கையை மூன்று பக்கங்களில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அது எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. படிக்க வேண்டியவர்கள் இரண்டே பேர். ஒருவன் என் மனைவியின் தம்பி. இன்னொருவர் அவனுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம்.

மச்சானுக்கு அப்போது முப்பத்தொரு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை தொழில்முறைக் குத்துச்சண்டையில் இறங்குவான். நான் ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் நெடுங்காலம் உதவி ஆசிரியராக இருந்துவிட்டு, வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு செய்துகொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் எது வந்தாலும் அவன் என்னிடம்தான் கொண்டுவருவான்.

அந்த முறை வந்த மெயில் தென்னாப்பிரிக்காவிலிருந்து. இரண்டு முறை உலக சாம்பியனாக இருந்த ஒருவர் நீண்ட ஓய்வுக்குப் பிறகு மறுபடி ரிங்குக்கு வருகிறார், எட்டு ரவுண்டு சண்டைக்கு ஓர் எதிராளி வேண்டும் என்று போட்டி அமைப்பாளர்கள் கேட்டிருந்தார்கள். இந்தத் தொழிலில் இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. பெரிய ஆள் திரும்பி வரும்போது முதலில் அவருக்கு ஒரு வெற்றி தேவை. சுலபமாகத் தோற்கவும் கூடாது, ஜெயித்துவிடவும் கூடாது என்கிற அளவில் ஓர் ஆளை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பார்கள். மச்சானை ஏற்கெனவே இரண்டு நாடுகளுக்கு இப்படித்தான் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டிலும் தோற்றிருந்தான்.

"இந்த வாட்டி தோக்கறதுக்குப் போவல மாமா," என்றான். "இவன அடிச்சிட்டா தோக்கறவன் லிஸ்ட்லேருந்து என் பேர எடுத்துருவானுங்க. அதுக்கப்புறம் என்னிய ஜெயிக்க ஆள் தேடணும் அவனுங்க."

அதில் தவறு இல்லை. உலக சாம்பியனாக இருந்தவரைத் தோற்கடித்தவன் என்ற ஒரு வரி போதும், அதற்குப் பிறகு அவனுடைய தொழிலே வேறு. முப்பத்தொரு வயதில் அப்படி இன்னொரு வாய்ப்பு வராது என்பதும் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அதனால் மெனக்கெட்டு எழுதினேன். துறைமுக நகரம் ஒன்றின் ஓரத்தில் தகரக் கூரை வீடுகள். பள்ளியை விட்டதும் கோழிப்பண்ணையில் வேலை. சனிக்கிழமைகளில் ஊர்ச் சமூகக்கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டுக் கட்டும் ரிங்கில் சண்டை. பிறகு தேசியப் பட்டம், உலகப் பட்டம். வெளிநாட்டில் அதை இழந்தது, சொந்த ஊரில் மீண்டும் பிடித்தது, மீண்டும் இழந்தது. தோளில் அறுவை சிகிச்சை, மேலாளரோடு வழக்கு, ஓய்வு. நான் படித்த ஆங்கிலக் கட்டுரைகள் எல்லாம் அவருடைய வலது கைக் குத்தைப் புகழ்ந்திருந்தன. அதையும் எழுதினேன்.

பயிற்சிக்கூடம் மண்ணூர்பேட்டையில், ஒரு பிரஸ் ஷாப்பின் மாடியில் இருந்தது. கீழே இயந்திரம் தகட்டை அடிக்கும்போதெல்லாம் மேலே குத்திப் பழகத் தொங்கவிட்ட மூட்டை தானாக ஆடும். மாஸ்டர் ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் திட்டங்களை வெளியாளுக்குக் காட்டமாட்டார். வெளியாள் என்பதில் நானும் அடக்கம். சாம்பியனின் பழைய சண்டைகள் அவருடைய போனில் இருந்தன. அதை வைத்துத்தான் ஆறு வாரம் பயிற்சி நடந்தது. "ஆளு லெஃப்டி," என்று மட்டும் மச்சான் வீட்டில் சொன்னான். இடது கைப் பழக்கம் உள்ளவர் என்று அர்த்தம். அப்படிப்பட்டவர் வலது கையை முன்னால் நீட்டி நின்று, பின்னால் வைத்திருக்கும் இடது கையால் பலமாகக் குத்துவார். அந்த இடது கையிலிருந்து விலக, எதிரே நிற்பவன் தன்னுடைய இடப்பக்கமாகவே நகர்ந்துகொண்டிருக்க வேண்டும்.

"வலது கைதான பேர் வாங்கினது?" என்று கேட்டேன்.

"மாஸ்டராண்ட கேட்டேனே. லெஃப்டிக்கு வலது கைதான் முன்னாடி கீது, அதான் எல்லாருக்கும் அது கண்ணுல படுதுன்னாரு."

குத்துச்சண்டையைப் பற்றி நான் எழுதியிருக்கிறேன், செய்ததில்லை. அதோடு விட்டுவிட்டேன்.

ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஓர் இடக்கைக்காரரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவர் தினமும் வேலை முடிந்ததும் வந்து மச்சானோடு மோதினார். மச்சான் இடப்பக்கம் நகரப் பழகினான். வீட்டில் சாப்பாட்டுத் தட்டை வாங்க வரும்போதும் இடப்பக்கமாக ஓர் அடி வைத்துத்தான் வருவான். "சமையக்கட்டுலயுமாடா?" என்று என் மனைவி திட்டுவாள்.

புறப்பட ஒன்பது நாள் இருக்கும்போது, மாஸ்டரின் விசா பேப்பரில் கையெழுத்து வாங்க மாடிக்குப் போனேன். மாஸ்டர் போனைச் சுவரில் சாய்த்து வைத்து வீடியோ காட்டிக்கொண்டிருந்தார். யாரோ தொலைக்காட்சியிலிருந்து எடுத்து, ஓரங்களை வெட்டிப் பெரிதாக்கி இணையத்தில் ஏற்றியது. சேனல் பெயர் இல்லை, ஸ்கோர் இல்லை. ரிங்கின் ஓரத்தில் மணி அடிப்பவர் ஒருவர் தெரிந்தார். வெள்ளைச் சட்டை, பையில் பேனா. பை அவருடைய வலது மார்பில் இருந்தது.

பத்திரிகை வேலையில் படத்தை இடம்வலமாகத் திருப்பிப் போடுவது பெரிய குற்றம். பக்கத்தை அச்சுக்கு விடுவதற்கு முன் நாங்கள் முதலில் பார்ப்பது சட்டைப் பையைத்தான். ஆண்களின் சட்டையில் அது இடது மார்பில் இருக்கும். வலது மார்பில் தெரிந்தால் படம் திரும்பியிருக்கிறது. சாம்பியனின் இடுப்புப் பட்டையில் இருந்த மங்கலான எழுத்துகளும் கண்ணாடியில் தெரிவதுபோல இருந்தன.

"மாஸ்டர், இது திருப்பிப் போட்ட வீடியோ," என்றேன். "அடுத்தவன் வீடியோவை எடுத்துப் போடறவங்க மாட்டிக்காம இருக்க இப்படித் திருப்பிப் போடுவாங்க. அந்த ஆள் வலக்கைக்காரர்."

"யாரு சொன்னது?"

"அந்தச் சட்டைப் பையப் பாருங்க."

அவர் பார்த்தார். "அந்த ஊருல பை அந்தப் பக்கம் தெச்சிருப்பான். உனக்கு இன்னா சார் தெரியும்?"

"இடுப்புல இருக்கற எழுத்து?"

"அது அவங்க பாஷை."

அவங்க பாஷையும் ஆங்கில எழுத்தில்தான் எழுதப்படுகிறது என்று சொன்னேன். பாஷை பற்றிப் பேச நான் வரவில்லை, சண்டை பற்றிப் பேசுங்கள் என்றார். கீழே பிரஸ் அடித்தது. மச்சான் கையில் சுற்றிய துணியோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். யாரை நம்புவது என்பதல்ல அவன் முகத்தில் இருந்தது. இதை ஏன் இப்போது சொல்கிறீர்கள் என்பதுதான்.

அன்றே பழைய அலுவலகத்தில் படப் பிரிவில் இருந்த நண்பரிடம் கேட்டு, ஏஜென்சி படம் ஒன்றை வரவழைத்தேன். சாம்பியன் இடது கையை முன்னால் நீட்டி நிற்கிறார். பின்னால் விளம்பரப் பலகையின் எழுத்துகள் நேராக இருக்கின்றன. மறுநாள் மாஸ்டரிடம் காட்டினேன்.

"இதத்தான் திருப்பிப் போட்டுக்கீறாங்க," என்றார்.

"போர்டு நேரா இருக்கே மாஸ்டர்."

வாங்கிப் பார்த்தார். விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கீழே போய், டீக்கடையில் வெகுநேரம் நின்றார். திரும்பி வந்ததும் ஆவடிக்காரரிடம், "நீ நாளைலேர்ந்து வர வாணாம்," என்றார்.

ஆவடிக்காரர் கிளவுஸைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "அப்ப ஆறு வாரம் என் மூக்க பேத்தானே, அது எதுக்கு மாஸ்டர்? சும்மா டைம் பாஸா?"



மீதி இருந்த நாட்களில் வலப்பக்கம் நகரப் பழகச் சொன்னார் மாஸ்டர். மூட்டைக்கு முன்னால் மச்சான் அதைச் சரியாகச் செய்தான். எதிரே ஓர் ஆள் வந்து நின்றதும் கால் இடப்பக்கம் போனது. மாஸ்டர் கத்துவார், அவன் தலையாட்டுவான், மறுபடி கால் இடப்பக்கம் போகும். ஒரு நாள் பஸ் ஸ்டாப் வரைக்கும் என்னோடு நடந்து வந்தான்.

"மாமா, நீ சொல்லாமயே இருந்திருக்கலாம்."

"சொல்லாம இருந்திருந்தா?"

"நேரா போய் அடி வாங்கியிருப்பேன். இப்ப யோசிச்சிக்கினே அடி வாங்கணும்."

போட்டியைத் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டு எழுதட்டுமா என்றேன். "அதான் சாக்குன்னு வேற ஆள கூப்ட்டுக்குவான். விடு," என்றான்.

மாஸ்டருக்கு விசா கிடைக்கவில்லை. ரவுண்டுகளுக்கு இடையே யோசனை சொல்ல, அங்கே உள்ள யாரோ ஒருவரை மச்சானின் மூலையில் நிறுத்துவதாகச் சொன்னார்கள். அவர் தமிழ் பேசமாட்டார், மச்சானுக்கு ஆங்கிலம் அரைகுறை. இதையும் தள்ளிப்போடக் காரணமாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

சண்டை எங்களுக்குச் சாயங்காலம். பாரிவாக்கத்தில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் போனை இணைத்து, நானும் மனைவியும் மாஸ்டரும் உட்கார்ந்து பார்த்தோம். சாம்பியன் வந்தார். நான் எழுதியதைவிட வயதானவராகத் தெரிந்தார். மணி அடித்ததும் இடது கையை முன்னால் நீட்டி நின்றார். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

மச்சானின் கால் இடப்பக்கம் போனது. அங்கே சாம்பியனின் வலது கை இருந்தது. மறுபடி இடப்பக்கம், மறுபடி வலது கை. ஒருவன் இப்படித் தானாகவே குத்துக்குள் நடந்து போவதைப் பார்ப்பது கஷ்டமான விஷயம், அதுவும் அவன் அதை ஆறு வாரம் பயிற்சி செய்து கற்றுக்கொண்டவனாக இருந்தால்.

"அந்தப் பக்கம் போவாதடா!" என்று மனைவி திரையைப் பார்த்துக் கத்தினாள். "யோவ் மாஸ்டர், நீ சொல்லுய்யா அவன்கிட்ட!"

"எப்டிம்மா சொல்றது," என்றார் மாஸ்டர்.

மூன்றாவது ரவுண்டில் கீழே விழுந்தான். நடுவர் எண்ணினார். எழுந்தான். நான்காவது ரவுண்டும் அப்படியே போனது. ஐந்தாவதில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அடி வாங்கி வாங்கிக் கால் தானாகக் கற்றுக்கொண்டதோ, களைப்பில் பழக்கம் மறந்ததோ. வலப்பக்கம் நகர்ந்தான். சாம்பியனின் வலது கை காற்றில் போனது. அடுத்த முறையும் காற்றில் போனது. மச்சானின் இடது கை அவர் முகத்தில் இறங்கியது. ஆறாவது, ஏழாவது ரவுண்டுகள் மச்சானுடையவை. எட்டாவதில் சாம்பியன் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டே நேரத்தைக் கடத்தினார். மாஸ்டர் எழுந்து நின்றுகொண்டு, "இன்னும் ரெண்டு ரவுண்டு குடுங்கடா," என்றார்.

ஒப்பந்தத்தில் எட்டுதான். புள்ளிகளில் சாம்பியன் ஜெயித்தார். முதல் நான்கு ரவுண்டுகளையும் அதில் ஒன்றில் விழுந்ததையும் கணக்கில் எடுத்தால் அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வர்ணனையாளர் மச்சானை உறுதியான ஆள் என்று பாராட்டினார். தோற்பவர்களைப் பற்றி நானும் அந்த வார்த்தையைப் பலமுறை எழுதியிருக்கிறேன்.

ஊர் திரும்பினான். விமான நிலையத்திலிருந்து பூந்தமல்லி வரும்வரை மெட்ரோ வேலைக்காகச் சாலையை அடைத்திருந்த இடங்களில் நின்று நின்று வந்தோம். ஒரு கண் பாதி மூடியிருந்தது. வழியெல்லாம் அவன் பேசியது ஒரே விஷயம்.

"அவன் எனக்குப் புரிஞ்சிட்டான் மாமா. வலது கைய தூக்கறதுக்கு முன்னாடி தோள இறக்கறான். ஆபரேஷன் பண்ண தோளு. ஆறாவது ரவுண்டுல கண்டுபுடிச்சேன். இன்னொரு வாட்டி ரிங்குல நிறுத்துனா முதல் ரவுண்டுலேர்ந்தே அடிப்பேன். எழுதிக் கேளு. காசு கம்மியா குடுத்தாலும் வர்றேன்னு எழுது."

எழுதினேன். மறுபோட்டி வேண்டும் என்பதை நாகரிகமான ஆங்கிலத்தில், கடைசி நான்கு ரவுண்டுகளைச் சுட்டிக்காட்டி, அங்குள்ள ரசிகர்களும் அதை விரும்புவார்கள் என்று எழுதினேன். சில நாட்கள் கழித்துப் பதில் வந்தது. பணிவான பதில். சாம்பியன் ஓய்வு பெறுவதாக அறிவித்துவிட்டார். வெற்றியோடு முடிக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பமாக இருந்ததாம், அது நிறைவேறிவிட்டது. உங்கள் வீரர் நன்றாக ஆடினார், வேறு ஒரு நாட்டில் இதேபோல ரிங்குக்குத் திரும்பும் ஒருவரின் பெயரைச் சொல்லி, அவரோடு மோத ஆள் தேடுகிறார்கள், வருவாரா என்றும் கேட்டிருந்தார்கள்.

மச்சான் அப்போது இரண்டாவது ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். கம்பெனிச் சட்டை, முதுகில் சாப்பாட்டுப் பை. வாசலில் நிறுத்திப் படித்துச் சொன்னேன். ஓய்வு என்ற இடத்தில் மறுபடி படிக்கச் சொன்னான். படித்தேன்.

"ஜெயிச்சிட்டு நிறுத்திக்கினானா?"

"ஆமாம்."

"அப்ப அவன் கடைசியா அடிச்சது என்னியத்தான்."

"ஆமாம்."

பையை இறக்கித் திண்டில் வைத்தான். மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டான். கம்பெனி வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தது.

"நான் தோத்தேன், அவன் நிம்மதியா ஊட்டுக்குப் பூட்டான். சரி. நான் நிறுத்தணும்னா எனக்கு எவன் மாமா தோப்பான்?"

வேன் மறுபடி ஹாரன் அடித்தது. "அந்த இன்னொரு சண்டைக்கு என்ன பதில் எழுதட்டும்?" என்று கேட்டேன். "எழுது," என்று சொல்லிவிட்டு ஓடினான். வருவதாக எழுதச் சொன்னானா, வரவில்லை என்றா என்று கேட்பதற்குள் வேன் போய்விட்டது. ராத்திரி வந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஆனால் சாயங்காலமே மாஸ்டரிடமிருந்து போன் வந்தது. மச்சான் வேனிலிருந்தே பேரைச் சொல்லிவிட்டானாம், அந்தப் புதிய ஆளின் சண்டை வீடியோ கிடைத்துவிட்டது, வந்து பாருங்கள் சார் என்றார்.