வெறும் ஓ.பி.டி. டொக்டர்

மன்னாரை அடுத்த வங்காலை ஊரில் சுவேதினியை எல்லோரும் ‘சேர்ஜன் பிள்ளை’ என்றார்கள். தாய் பிரான்சிஸ்கா பரப்பிய பேர் அது. மகள் யாழ்ப்பாணத்தில் மருத்துவபீடத்துக்குள் கால்வைத்த வருடமே, “என்ர பிள்ளை ஒப்பரேசன் செய்யிற டொக்டராத்தான் வருவா” என்று ஊருக்கே சொல்லிவிட்டார். சுவேதினிக்கும் அந்த ஆசை இருந்தது.

படிப்பும் பயிற்சியும் முடிந்தன. சத்திரசிகிச்சை மேற்படிப்புக்கான தெரிவுப் பரீட்சையை இரண்டு தரம் எழுதினாள். இரண்டு தரமும் கிடைக்கவில்லை. இதற்கிடையில் முசலிக் கரையில் ஒரு சிறிய வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கு, ஓ.பி.டி.க்கு, நியமனம் வந்தது. ஒரு மேசை, இரண்டு கதிரை, வெளியே நீள மரவாங்கு நிறையச் சனம். சளி, காய்ச்சல், சீனி வருத்தம், திருக்கை முள் குத்திய கால்.

கூடப் படித்தவர்கள் இதை ஒரு வேலையாக எண்ணவில்லை. மாணவியாக இருந்தபோது அவளும் எண்ணியதில்லை. வேறெதுவும் கிடைக்காதவர்கள் போய் உட்காரும் இடம்தான் பொது வைத்தியம் என்பது யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இங்கிலாந்துக்குப் போய்விட்ட தோழி றொஷேல் தொலைபேசியில், “இன்னும் ஓ.பி.டி.யிலயோ இருக்கிறாய்? படிச்சதெல்லாம் மறந்துபோமடி” என்றாள். சுவேதினிக்குக் கோபம் வரவில்லை. கவலையும் வரவில்லை. காலையில் வந்து மருந்து எழுதினாள். பின்னேரம் அறைக்குப் போய்ப் புத்தகத்தின் ஒரே பக்கத்தைப் பார்த்தபடி இருந்தாள். மாதங்கள் அப்படிப் போயின.

சிலாவத்துறையிலிருந்து ஸீனத் அடிக்கடி வருவார். நாற்பதைத் தாண்டியவர், கருவாடு போட்டு விற்பவர். ஒருதரம் முழங்கால், மறுதரம் தலையிடி. அவரைக் கண்டாலே தாதி டிலோஜினி பெருமூச்சு விடுவாள். சுவேதினி பனடோல் எழுதுவாள்.

மழை பெய்த ஒரு நாள் வாங்கில் ஸீனத்தைத் தவிர யாரும் இல்லை.

“இண்டைக்கு என்ன செய்யுது, அக்கா?”

“உடம்பு பாரமாக் கிடக்கு, டொக்டர். ஒண்டிலயும் மனசு போகுதில்ல. பிள்ளையள் சிரிச்சாலும் எனக்குச் சிரிப்பு வருதில்ல. மரக்கட்டை மாதிரி இருக்கிறன்.”

சுவேதினி நிமிர்ந்து பார்த்தாள். முதலில் வந்த நாட்களில் ஸீனத்தின் பேச்சு படபடவென்று இருக்கும். வெளியே சண்டை பிடித்தால் உள்ளே கேட்கும். இப்போது ஒவ்வொரு சொல்லும் கரகரத்து, இழுபட்டு வந்தது. முகமும் ஊதியிருந்தது.

“குளிர் தாங்கேலாமல் இருக்கோ?”

“ஓம். வெயிலுக்குள்ளயும் போர்த்துக்கொண்டு படுக்கிறன்.”

தைரொயிட் சுரப்பியாக இருக்கலாம் என்று சொல்லி, பரிசோதனைக்காக மன்னாருக்கு அனுப்ப இரத்தம் எடுப்பித்தாள். ஸீனத் போனபின், அவர் சொன்னதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். பிறகு டிலோஜினியிடம் கையை நீட்டினாள்.

“எனக்கும் ஒருக்கா எடுங்கோ, மிஸ்.”

“உங்களுக்கு என்ன, டொக்டர்?”

“அவவுக்கு இருக்கிறதுதான் போல.”

முடிவுகள் சேர்ந்தே வந்தன. ஸீனத்தின் சுரப்பி ஏறக்குறைய வேலை செய்யாமல் நின்றிருந்தது. சுவேதினிக்கு எல்லாம் சரியாக இருந்தது. “நல்லது, உங்களுக்கு ஒண்டுமில்ல” என்றாள் டிலோஜினி. சுவேதினி ஓமென்று தலையாட்டினாள். தனக்குக் குளிசை எதுவும் இல்லை என்பது அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது.

ஸீனத் குளிசை போடத் தொடங்கினார். சில மாதங்களில் முகவீக்கம் வற்றியது. ஒருநாள், வரிசையில் இடையில் புகுந்த யாரையோ அவர் ஏசுவது உள்ளே கேட்டது. சுவேதினி எழுதுவதை நிறுத்திவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எப்பிடி டொக்டர் கண்டுபிடிச்சனீங்கள்?” உள்ளே வந்த ஸீனத் கேட்டார்.

“உங்கட குரல் மாறியிருந்தது.”

“அல்லாஹ்! என்ர புருஷனே அதைக் கவனிக்கேல்லையே!”

அந்த வருடத் தெரிவுப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் போனபிறகுதான் சுவேதினிக்கு நினைவு வந்தது. “வேணுமெண்டோ விட்டனீ?” என்று றொஷேல் கேட்டாள். “தெரியேல்ல. மறந்திட்டன்.” வீட்டில் சொன்னபோது பிரான்சிஸ்கா குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த தகப்பன் அருளப்பு, “கிட்டத்தானே இருக்கிறாய், எங்களுக்கு அது காணும்” என்றார்.

அடுத்த ஆண்டு மருத்துவபீட மாணவர்கள் சிலர் இரண்டு நாள் பயிற்சிக்கு வந்தார்கள்.

“உங்களில ஆருக்கு இந்த வேலைக்கு வர விருப்பம்?” சுவேதினி கேட்டாள்.

ஒரு கையும் உயரவில்லை. பிறகு ஒரு பெண் கேட்டாள்: “உங்களுக்கு விருப்பமோ, அக்கா?”

சுவேதினி யோசித்தாள். “விருப்பமெண்டு சொல்லத் தெரியேல்ல. ஆனா, போகவேணுமெண்டும் இப்ப தோணுதில்ல.”

மத்தியானம் மாணவர்கள் கடலோரம் இடிந்து கிடக்கும் அல்லிராணிக் கோட்டையைப் பார்க்கப் போனார்கள். வெளியே இன்னும் சனம் இருந்தது. சுவேதினி அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னாள்.